உண்ணிக் காய்ச்சலின் வம்சாவளி: பேபேசியாவும் தைலேரியாவும் எங்கே பிரிகின்றன?

பெங்களூரில் நாய் வளர்ப்பவர்கள் கைக்கு என்றாவது ஒருநாள் அந்த ரிப்போர்ட் வந்து சேரும். ‘பேபேசியா ஜிப்சோனி: பாசிட்டிவ்’ என்றோ, ‘பேபேசியா வோஜெலி’ என்றோ, சில சமயம் வெறுமனே ‘ரத்த ஒட்டுண்ணி காணப்படுகிறது’ என்றோ ஒரு வரி இருக்கும். வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: டிக் ஃபீவர். அல்சூர் பக்கம் ஒரு கிளினிக்கில் காத்திருந்தபோது, பக்கத்து பெஞ்சில் இருந்த அம்மா கம்பவுண்டரிடம் கேட்டார்: “ஏன் தம்பி, போன வருஷமும் இதே டிக் ஃபீவர்தானே? அப்பப் போட்ட ஊசியையே போட்டா ஆகாதா?” அவர் நாயின் காதைப் பிடித்தபடியே சொன்னார்: “அது வேற பூச்சிம்மா, இது வேற பூச்சி.”

அது எந்த அளவுக்கு வேறு, அதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று பார்ப்போம். உயிரியல் படிக்காதவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பெயர்கள் மட்டும் கொஞ்சம் வாயில் நுழையாதவை, பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் ஒன்றைத் தள்ளி வைத்துவிடலாம். டிக் ஃபீவர் என்று சொல்லப்படுவதில் பாதிக்கு எர்லிச்சியா என்ற பாக்டீரியாவும் பங்காளி. அதுவும் உண்ணி வழியாகத்தான் நாய்க்கு வருகிறது, அதிலும் காய்ச்சல் வரும், ரத்தத் தட்டுகள் குறையும். ஆனால் அது பாக்டீரியா, டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் அடங்கும். நம் கதையின் ஆட்கள் பாக்டீரியா அல்ல. உட்கரு உள்ள ஒருசெல் உயிரிகள். ஒரே வீட்டில் இரண்டு திருடர்களும் ஒன்றாகப் புகுவதும் உண்டு, அதனால்தான் டாக்டர்கள் இரண்டுக்கும் சேர்த்து டெஸ்ட் எழுதுகிறார்கள்.

சரி, இந்த ஒருசெல் உயிரிகளின் விலாசம் என்ன? மேலிருந்து வந்தால், அபிகாம்ப்ளெக்ஸா என்ற பெரிய தொகுதி. செல்லின் ஒரு முனையில், இன்னொரு செல்லுக்குள் புகுவதற்கென்றே அமைந்த ஒரு கருவித் தொகுப்பு இருக்கும். தொகுதிக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். மலேரியா உயிரி, பூனை மூலம் பரவும் டாக்ஸோபிளாஸ்மா, கோழிக்கு ரத்தக் கழிச்சல் தரும் ஐமீரியா எல்லாம் இந்தத் தொகுதியில்தான். அதற்குள்ளே பைரோபிளாஸ்மிடா என்று ஒரு வரிசை. உண்ணி மூலம் பரவி, பாலூட்டிகளின் ரத்தத்தில் குடியேறுபவை இவை. இந்த வரிசையைப் பழைய பாடப்புத்தகங்கள் இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கும்: பேபேசிடே, தைலேரிடே. முதலாவதின் முக்கியப் பேரினம் பேபேசியா, இரண்டாவதின் முக்கியப் பேரினம் தைலேரியா. பூனை இனத்தைத் தாக்கும் சைட்டாக்ஸூன் என்ற சின்னப் பேரினமும் தைலேரியாவின் பக்கத்தில் வரும்.

மலேரியா உயிரியும் சிவப்பணுவுக்குள்தானே இருக்கிறது, அதிலிருந்து இதை எப்படிப் பிரிப்பது? மலேரியா உயிரி ஹீமோகுளோபினைத் தின்றபின் மிச்சத்தைப் பழுப்பு நிறத் துகளாகச் சேர்த்து வைக்கும். பைரோபிளாஸ்ம் உயிரிகளிடம் அந்தத் துகள் கிடையாது. அப்புறம், ஒன்று கொசு வழியாக வருவது, மற்றது உண்ணி வழியாக வருவது.

இப்போது மைக்ரோஸ்கோப்புக்கு வருவோம். காது மடலின் ஓரத்தில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பரப்பி, காயவைத்து, ஜீம்சா சாயம் ஏற்றுகிறார்கள். நுண்குழாய் ரத்தத்தில் ஒட்டுண்ணி அதிகம் தட்டுப்படும் என்பதால்தான் காது மடல். எண்ணெய் லென்ஸில் பார்த்தால் சாம்பல் கலந்த இளஞ்சிவப்பில் சிவப்பணுக்கள் வட்ட வட்டமாகக் கிடக்கும். நாயின் சிவப்பணு ஏறக்குறைய 7 மைக்ரான் அகலம். வோஜெலி இருந்தால் அந்த வட்டத்துக்குள் பேரிக்காய் வடிவில் இரண்டு உருவங்கள், கூர்முனைகள் ஒன்றையொன்று தொட்டபடி, சிவப்பணுவின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு தெரியும். உடல் வெளிர்நீலம், உட்கரு அடர்ந்த ஊதா. ஜிப்சோனியாக இருந்தால் அந்த அழகெல்லாம் இல்லை. நடுவில் வெளுத்த, ஓரத்தில் ஊதாப் புள்ளி வைத்த குட்டி மோதிரம். 1 முதல் 3 மைக்ரான்தான் இருக்கும். சாயத் துணுக்கு என்று தாண்டிப் போய்விடலாம்.

தொடக்கத்தில் வகைப்பாடு என்பது இவ்வளவுதான்: பெரியதா சிறியதா, ஒரு செல்லில் எத்தனை, என்ன வடிவம். அந்தக் காலத்தில் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. 1888-இல் விக்டர் பாபெஷ் ருமேனியாவில் ரத்த மூத்திரம் போன மாடுகளின் சிவப்பணுவுக்குள் இந்த உயிரியை முதலில் கண்டபோது அதை பாக்டீரியா வகையாகவே நினைத்தார். 1893-இல்தான் அவர் நினைவாக பேபேசியா என்ற பேரினப் பெயர் வந்தது. அதே 1893-இல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும், டெக்சாஸ் காய்ச்சல் என்ற மாட்டு நோய்க்கு இந்தக் குடும்பத்து உயிரிதான் காரணம், அதைச் சுமப்பது உண்ணி என்று நிரூபித்தார்கள். பூச்சி, உண்ணி மாதிரியான கணுக்காலி ஒன்று பாலூட்டிக்கு நோயைக் கடத்துகிறது என்பதற்கு முதல் உறுதியான சான்று அது. கொசுவுக்குள் மலேரியா உயிரியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897-இல். ராஸ் நம் பெங்களூரிலும் வேலை பார்த்தவர், ஆனாலும் இந்த ஓட்டத்தில் மாட்டு உண்ணிக்குத்தான் முதல் இடம்.

ஜிப்சோனியின் கதை இன்னும் பக்கத்து ஊர்க் கதை. 1910-இல் பாட்டன் என்ற ஆய்வாளர், மெட்ராஸ் ஹண்ட் என்ற வெள்ளைக்காரர்களின் வேட்டைக் குழு வைத்திருந்த நாய்களின் ரத்தத்தில் ஒரு சின்ன பைரோபிளாஸ்மைக் கண்டார். பிறகு நம் ஊர்க் குள்ளநரியின் ரத்தத்திலும் அதே உயிரி கிடைத்தது. அவர் வைத்த பெயர் பைரோபிளாஸ்மா ஜிப்சோனி. இன்று ஜப்பான், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று உலகெங்கும் நாய் டாக்டர்களுக்குத் தலைவலியாக இருக்கும் ஒரு சிற்றினம், முதலில் விவரிக்கப்பட்டது மெட்ராஸ் நாய்களில். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம்தான்.

கண்ணால் பார்த்து வகைப்படுத்துவதன் சிக்கல் அதற்கப்புறம்தான் தெரிந்தது. பல காலமாக, நாயின் ரத்தத்தில் பெரிய பேபேசியா தெரிந்தால் அது ‘கேனிஸ்’, சின்னது தெரிந்தால் அது ‘ஜிப்சோனி’ என்று எழுதிவிடுவார்கள். ஒரே சாயலில் இருக்கிறார்கள் என்பதற்காக முன்பின் தெரியாதவர்களை ஒரே ரேஷன் கார்டில் ஏற்றிவிட்ட மாதிரி. கார்டில் பெயர் சேர்ப்பது சுலபம், நீக்குவதுதான் பெரும்பாடு.

முதலில் ‘கேனிஸ்’ உடைந்தது. ஐரோப்பாவில் டெர்மசென்டர் உண்ணி சுமந்தது ஒன்று. வெப்ப நாடுகளில் பழுப்பு நாய் உண்ணி சுமந்தது ஒன்று. தென்னாப்பிரிக்காவில் ஹீமாஃபைசாலிஸ் உண்ணி சுமந்தது ஒன்று. மைக்ரோஸ்கோப்பில் மூன்றும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒன்றைத் தாங்கித் தேறிய நாய்க்கு இன்னொன்றிடமிருந்து பாதுகாப்பு இல்லை. தென்னாப்பிரிக்க வகை நாயைக் கொன்றே விடும், வெப்ப நாட்டு வகை வளர்ந்த நாய்களில் பெரும்பாலும் மிதமானது. 1989-இல் இவற்றை முறையே கேனிஸ், வோஜெலி, ரோஸி என்று மூன்று துணை இனங்களாகப் பிரித்தார்கள். பிறகு மரபணு பார்த்தபோது துணை இனம் என்று சொல்வதே குறைச்சல் என்று தெரிந்து, மூன்றும் தனித்தனிச் சிற்றினங்களாகிவிட்டன. பழுப்பு நாய் உண்ணி நம் ஊரில் வீட்டுச் சுவர் இடுக்கிலேயே குடும்பம் நடத்தும் ஆள். அதனால் இங்கே பெரிய பேபேசியா தெரிந்தால் அது வோஜெலியாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைக்கலாம்.

அடுத்து ‘ஜிப்சோனி’. கலிஃபோர்னியா நாய்களில் கண்ட சின்ன பேபேசியாவையும் முதலில் ஜிப்சோனி என்றே எழுதி வைத்தார்கள். மரபணு வேறு என்று தெரிந்து 2006-இல் அதற்கு பேபேசியா கொன்ராடே என்று பெயர் கொடுத்தார்கள். ஸ்பெயினில் கிடைத்த சின்ன வகை 2000-இல் தைலேரியா ஆனே என்ற பெயரில் வந்தது. சிலர் அதை ‘மைக்ரோட்டை போன்ற பேபேசியா’ என்று எழுதினார்கள் (மைக்ரோட்டை என்பது எலிகளில் வாழும் சின்ன வகை, அதற்குப் பின்னால் வருவோம்). நரிகளில் நிறையக் கிடைக்கிறது என்பதால் 2015-இல் பேபேசியா வல்பெஸ் ஆனது. ஒரே உயிரி, 15 வருஷத்தில் மூன்று பெயர், நடுவில் குடும்பமும் ஒருமுறை மாறியது. இதைப் படிக்கும் மாணவர்கள் பாவம்.

சரி, சாயல் ஏமாற்றுகிறது என்றால் பேபேசியாவையும் தைலேரியாவையும் இரண்டு குடும்பமாகப் பிரித்தது எதை வைத்து? வாழ்க்கை முறையை வைத்து. இரண்டு கேள்விகள் போதும்.

உண்ணி கடித்தவுடன் உயிரி முதலில் எந்தச் செல்லுக்குள் போகிறது? இது முதல் கேள்வி. பேபேசியா நேராகச் சிவப்பணுவுக்குள் போய், அங்கேயே பெருகி, செல்லை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, அடுத்த சிவப்பணுவைப் பிடிக்கும். உடைந்த செல்லின் ஹீமோகுளோபின் சிறுநீரில் இறங்குவதால்தான் மாடு காபி நிறத்தில் மூத்திரம் போகிறது. தைலேரியா அப்படி அவசரப்படாது. முதலில் நிணநீர் அணுக்களுக்குள், அதாவது உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களுக்குள் போகும். அங்கே ஷைசான்ட் என்ற பல உட்கரு கொண்ட நிலையாக வளரும். சிவப்பணுவுக்கு வருவது அதற்கப்புறம்தான்.

வெள்ளணுவுக்குள் தைலேரியா செய்யும் வேலை, நான் படித்ததிலேயே மிகத் துணிச்சலான திருட்டு. மாட்டைத் தாக்கும் தைலேரியா ஆனுலேட்டா அந்த வெள்ளணுவைப் புற்றுச்செல் மாதிரி ஓயாமல் பிரிய வைக்கிறது. செல் இரண்டாகும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க நுண்ணிழைகளால் ஒரு கதிர் அமைப்பு உருவாகும் அல்லவா, ஷைசான்ட் அந்தக் கதிரையே பிடித்துக்கொண்டு கூடவே இரண்டாகிவிடும். மகள் செல்கள் இரண்டிலும் உயிரி தயாராக இருக்கும். வெளியே வந்து இன்னொரு செல்லைத் தேடும் கஷ்டமே இல்லை. மருந்து கொடுத்து உயிரியைக் கொன்றால் வெள்ளணு அந்த வெறிப் பிரிதலை நிறுத்திவிடும் என்பதுதான் இன்னும் வியப்பு.

எலகங்கா, தொட்டபள்ளாபுரம் பக்கம் கலப்பின மாடு வைத்திருக்கும் பால்காரர்களுக்கு இதன் வெளித்தோற்றம் புதிதல்ல. கடும் காய்ச்சல், பால் சட்டென்று வற்றுதல், தோள்பட்டைக்கு முன்னால் எலுமிச்சையைத் தாண்டிப் புடைத்த நிணநீர்க் கட்டி. ஜெர்சி, ஹெச்.எஃப். ரத்தம் கலந்த மாடுகளைத்தான் இது மோசமாகத் தாக்கும். நாட்டு மாடுகள் ஓரளவு தாக்குப்பிடிக்கும். கட்டியில் ஊசி குத்தி எடுத்துச் சாயம் ஏற்றினால் வெள்ளணுவுக்குள் நீலத் திட்டுகள் தெரியும். கோக் நீல உருண்டைகள் என்று அவற்றுக்குப் பெயர், அவைதான் ஷைசான்ட். அது தெரிந்தால் தைலேரியா என்று எழுதலாம், பேபேசியாவில் அந்த நிலையே கிடையாது. மருந்தும் மாறிவிடும்: தைலேரியாவுக்கு பூபர்வகோன், மாட்டு பேபேசியாவுக்கு டைமினசின் அல்லது இமிடோகார்ப். தடுப்பூசியும் இந்த வாழ்க்கை முறையை வைத்தே வந்தது. ஷைசான்ட் குடியிருக்கும் வெள்ளணுக்களை ஆய்வகத்தில் நெடுங்காலம் வளர்த்து, வீரியம் இழக்க வைத்து, அந்தச் செல்லையே தடுப்பூசியாகப் போடுகிறார்கள். நம் நாட்டில் ரக்ஷாவேக்-டி என்ற பெயரில் விற்பது அதுதான். உயிருள்ள செல் என்பதால் திரவ நைட்ரஜனில் வைத்துத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோக முடியும்.

இரண்டாவது கேள்வி உண்ணியைப் பற்றியது: தாய் உண்ணி முட்டை வழியாக உயிரியைக் குஞ்சுகளுக்குக் கடத்துமா? பேபேசியாவில் கடத்தும், தைலேரியாவில் கடத்தாது. நம் ஊர் மாட்டு உண்ணி குஞ்சாக ஒரு மாட்டின் மேல் ஏறினால் பெரிதாகும் வரை அதே மாட்டில்தான் இருக்கும், வேறு மாட்டுக்குப் போகாது. கடைசியில் பெண் உண்ணி கீழே விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துவிடும். அப்படியிருக்க, நோய் அடுத்த மாட்டுக்கு எப்படிப் போகும்? முட்டை வழியாகத்தான் போக முடியும். ஸ்மித்தும் கில்போர்னும் ஆய்வகத்தில் முட்டையிலிருந்து பொரித்த உண்ணிக் குஞ்சுகளை நல்ல மாட்டின் மேல் விட்டு நோயை வரவழைத்தே இதைக் காட்டினார்கள். தைலேரியா ஆனுலேட்டா வேறு வழி வைத்திருக்கிறது. அதைச் சுமக்கும் ஹையலோமா உண்ணி வளரும் பருவங்களுக்கு நடுவே மாடு மாறும் இனம். ஒரு பருவத்தில் குடித்த ரத்தத்தோடு உயிரியை வாங்கி, அடுத்த பருவத்தில் வேறு மாட்டுக்குக் கொடுத்துவிடும். முட்டைக்குப் போவதே இல்லை.

இந்த இரண்டு கேள்விகளையும் வைத்துக்கொண்டு பார்த்தால் குதிரை உயிரி ஒன்று இடம் மாறியது ஏன் என்பது புரிந்துவிடும். 1901-இல் விவரிக்கப்பட்டு, நெடுங்காலம் பேபேசியா ஈக்வை என்று அழைக்கப்பட்டது அது. ஒரு சிவப்பணுவுக்குள் நான்கு உருவங்கள் சிலுவை போல் நிற்பது அதன் அடையாளம். பிறகு பார்த்தால் அது முதலில் வெள்ளணுவுக்குள் போகிறது, முட்டை வழியாகவும் கடத்தப்படுவதில்லை. 1998-இல் தைலேரியா ஈக்வை ஆனது. கூடவே குதிரையைத் தாக்கும் பேபேசியா கபாலி பேபேசியாவாகவே இருக்கிறது. பெங்களூர் குதிரைப் பந்தயக்காரர்களுக்கு இது வெறும் பெயர் விவகாரம் அல்ல. குதிரையை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது பல நாடுகள் இரண்டுக்கும் தனித்தனி டெஸ்ட் கேட்கும்.

மூன்றாவதாக வந்தது மரபணு, அதுதான் கணக்கைக் குழப்பியது. எல்லா உயிர்களிலும் உள்ள ரைபோசோமின் ஒரு பகுதிக்கான மரபணு, 18எஸ், மிக மெதுவாக மாறும். இரண்டு உயிரிகளில் அது எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்த்தால் சொந்தம் எவ்வளவு நெருக்கம் என்று கணிக்கலாம். அப்படி மரம் வரைந்தபோது, இரண்டு குடும்பம் என்று நினைத்த இடத்தில் ஐந்தாறு கிளைகள் கிளம்பின. மாட்டைத் தாக்கும் போவிஸ், பைஜெமினா, நாயைத் தாக்கும் கேனிஸ், வோஜெலி, ரோஸி எல்லாம் ஒரே கிளை, அசல் பேபேசியா. சின்ன மோதிரமாக இருந்த நம் ஜிப்சோனியும் இந்தக் கிளைதான்! அளவில் சின்னது என்பதற்கு வம்சாவளியில் ஒரு மதிப்பும் இல்லை. கலிஃபோர்னியாவின் கொன்ராடே தனிக் கிளை. தைலேரியாக்கள் ஒரு கிளை. ஈக்வையோ அதற்குள் போய் ஒழுங்காக உட்காரவில்லை, பக்கத்தில் தனியாக நிற்கிறது.

அப்படியானால் அளவு பார்ப்பது வீண் வேலையா என்றால், இல்லை. ஜிப்சோனியும் வோஜெலியும் ஒரே கிளையில் இருந்தாலும் மருந்துக்கு அவை ஒன்றல்ல. வோஜெலிக்கு இமிடோகார்ப் ஊசி பொதுவாகக் கேட்கும். ஜிப்சோனிக்கு அது போதாது; அட்டோவகோனையும் அஸித்ரோமைசினையும் சேர்த்து 10 நாள் கொடுப்பது வழக்கம், அதற்குப் பிறகும் உடலில் ஒளிந்திருந்து திரும்ப வரலாம். கம்பவுண்டர் சொன்ன ‘வேற பூச்சி’ இதுதான். உண்ணி இல்லாமலும் ஜிப்சோனி பரவும் என்பதையும் நாய் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தெருவில் நாய்கள் கடித்துக் குதறிக்கொள்ளும்போது ரத்தம் வழியாகவும், ரத்தம் ஏற்றும்போதும் பரவும். அதனால் ரத்தம் கொடுக்கும் நாய்க்கு ஸ்மியர், அதாவது தகட்டில் பரப்பிய ரத்தம், மட்டும் பார்த்தால் போதாது. மறைந்திருக்கும் நோயைப் பிடிக்க பிசிஆர் என்ற மரபணுச் சோதனை வேண்டும். பிசிஆரிலும் ‘பேபேசியா’ என்று மட்டும் வந்தால் எந்தச் சிற்றினம் என்று கேட்டு வாங்குங்கள்.

மரத்தில் எல்லோரையும் சங்கடப்படுத்துவது பேபேசியா மைக்ரோட்டை. எலிகளின் ரத்தத்தில் வாழும் சின்ன உயிரி. மனிதனுக்கு பேபேசியா வந்தது முதலில் பதிவானது 1957-இல், அன்றைய யூகோஸ்லாவியாவில், மண்ணீரல் எடுக்கப்பட்ட ஒரு விவசாயிக்கு; அது மாட்டு வகையால் வந்தது என்று கருதப்பட்டது. 1969-இல் அமெரிக்காவின் நான்டக்கெட் தீவில் மண்ணீரல் நல்லபடியாக இருந்த ஒருவருக்கே மைக்ரோட்டை வந்தது. அப்புறம் அந்த நாட்டின் வடகிழக்கில் அது சாதாரண நோயாகிவிட்டது. மான் உண்ணி அதைச் சுமக்கிறது, ரத்தம் ஏற்றும்போதும் பரவுகிறது. ஆனால் அது முட்டை வழியாகக் கடத்தப்படுவதில்லை. மரபணு மரத்தில் அசல் பேபேசியாவும் தைலேரியாவும் பிரிவதற்கு முன்பே கிளைத்துப் போனது. நரிகளின் வல்பெஸ் அதன் நெருங்கிய சொந்தம். கறாராகப் பார்த்தால் பேபேசியா என்ற பெயருக்கே அதற்கு உரிமை இல்லை.

மாற்றிவிடலாமே என்றால், வகைப்பாட்டுக்காரர்களுக்கு எளிது, மருத்துவர்களுக்கு இல்லை. அரை நூற்றாண்டாக நோயாளிக் குறிப்பு, பரிசோதனைக் கருவி, மருந்துச் சீட்டு எல்லாம் இந்தப் பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2019-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, நோய் பரவியுள்ள மாநிலங்களில் தானமாக வரும் ரத்தத்தைச் சோதிக்கும்படி பரிந்துரைத்தபோதும் பேபேசியா என்ற பெயரில்தான் வந்தது. அதனால் ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்கள் ஒரு சமரசம் செய்துகொள்கிறார்கள்: போவிஸ், ஜிப்சோனி கிளையைக் குறுகிய பொருளில் பேபேசியா என்றும், மைக்ரோட்டை, கொன்ராடே போன்றவற்றைப் பரந்த பொருளில் பேபேசியா என்றும் எழுதுகிறார்கள். குடும்பத்தின் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்ற வாதம் மட்டும் ஓயாமல் நடக்கிறது.